விடுதி அறையில் முதல் நாள்: முன்பின் தெரியாத அறைத்தோழியைச் சுபாவம் அறிந்து சந்திப்பது எப்படி

முதலாமாண்டு மாணவியர் வந்து சேரும் நாளில் மகளிர் விடுதியின் வாசலில் நின்று, 14 ஆண்டுகள் காப்பாளராக அவர்களை வரவேற்றிருக்கிறேன். உருட்டிக் கட்டிய மெத்தை, புது பிளாஸ்டிக் வாளி, அதற்குள் திணித்த குவளையும் துணி சோப்பும், வீட்டில் சுட்ட முறுக்கு நிறைந்த எவர்சில்வர் தூக்கு என்று மூன்று வீட்டுச் சாமான்கள் ஒரே அறைக்குள் போகும்; அவற்றோடு, அதுவரை ஒருவரையொருவர் கண்டிராத மூன்று பெண்களும் போவார்கள். அரை மணி நேரம் கழித்து நான் அந்த வழியாகச் செல்லும்போது, ஒவ்வொருவரும் மற்ற இருவரைப் பற்றியும் மனத்துக்குள் ஒரு தீர்ப்பை எழுதி முடித்திருப்பார்கள். ஒருத்தி தலைக்கனம் பிடித்தவள், இன்னொருத்தி வாயாடி, மற்றவள் அழுத்தக்காரி. ஆறு மாதம் கழித்து, 'அழுத்தக்காரி' காய்ச்சலில் படுத்திருக்கும்போது 'வாயாடி' மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கிக்கொண்டு ஓடுவதையும், முதல் நாளிலேயே ஒட்டிக்கொண்ட இருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதையும் பார்த்துப் பார்த்து, முதல் சந்திப்பைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உருவாகியிருக்கிறது.

புது இடத்தில், புது மனிதர் முன்னிலையில், ஒருவருடைய சுபாவம் தற்காலிகமாக ஒரு கோலம் பூணுகிறது. முதல் சந்திப்பில் நம் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கோலம் மட்டுமே. அதைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று நம்மைப் பற்றிய அபிப்பிராயமாக அதை எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான மனக்கசப்புகள் தொடங்குகின்றன. ஆகவே முதல் நாளில் நீங்கள் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு: உங்கள் சுபாவத்துக்குத் தோதாகச் சந்திப்பை அமைத்துக்கொள்வது, மற்றவரின் சுபாவத்தை உங்களுக்கு எதிரான சாட்சியமாக்காமல் இருப்பது. விடுதிக்குச் செல்லவிருக்கும் மாணவியரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன் என்றாலும், வேலை நிமித்தமாக வேற்றூரில் அறை பகிர்ந்து தங்கப் போகிறவர்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

கிளம்புவதற்கு முன்

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலின் வழியாகவே அகமுக இயல்பு, புறமுக இயல்பு என்ற பாகுபாடு பரவலாக அறியப்பட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் சிறிது நேரம் இருந்தாலே களைத்துத் தனிமையை நாடுகிறவர்கள் ஒரு பக்கம், தனியாக இருந்தால் சோர்ந்துபோகிறவர்கள் மறுபக்கம் என்று இன்று நாம் அதைப் பேசுகிறோம். இந்த ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு தன்னை எடைபோடுபவர்கள் முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கூச்சம் என்பது இந்தக் கோட்டில் அடங்காத தனிக் குணம். அமெரிக்க உளவியலாளர்கள் ஜொனாதன் சீக், ஆர்னால்டு பஸ் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சமும் பிறரோடு சேர்ந்திருக்கும் விருப்பமும் வெவ்வேறானவை என்று காட்டினார்கள். முன்பின் தெரியாதவரோடு பேச வைத்தபோது மிகுதியாகத் தவித்தவர்கள், கூச்சமும் இருந்து, பழக வேண்டும் என்ற ஆசையும் நிறைய இருந்தவர்களே. ஆசை இருப்பதால்தான் பயம் பெரிதாகிறது. விடுதியில் நான் கண்டதும் அதுவே: முதல் இரவு தலையணையில் முகம் புதைத்து அழுதவர்களில் பலர், தோழிகள் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டு வந்தவர்கள், பேச்சில் நாட்டமே இல்லாதவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்கள்.

ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, கடைசியாக நீங்கள் புதியவர் ஒருவரைச் சந்தித்ததை நினைத்துப் பாருங்கள். உறவினர் கல்யாண வீடாக இருக்கலாம், டியூஷன் வகுப்பாக இருக்கலாம். பேச வேண்டும் என்று தோன்றியும் வாய் வரவில்லையா? பேசத் தோன்றவே இல்லையா? அல்லது பேசிவிட்டு, அளவுக்கு மீறிப் பேசிவிட்டோமோ என்று பிறகு வருந்தினீர்களா? இந்த மூன்றுக்கும் செய்ய வேண்டிய ஆயத்தம் வெவ்வேறு.

வாய் வராதவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, அறைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுங்கள் என்பதுதான். விடுதி காலை எட்டு மணிக்குத் திறக்கிறது என்றால் எட்டரைக்குள் வந்து சேர்வதற்கு ஏற்ற பேருந்தைப் பிடியுங்கள். கடைசியாக வருபவர், ஏற்கெனவே சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இருவர் நடுவே நுழைய வேண்டியிருக்கும். கூச்சம் உள்ளவருக்கு அதைவிடக் கடினமான வாசல் கிடையாது. முதலில் வந்தவருக்கோ அறை சிறிது நேரத்துக்கு அவருடைய வீடாகிவிடுகிறது. பின்னால் வருகிறவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்வதும், எந்த அலமாரிக்குப் பூட்டு சரியில்லை, குடிதண்ணீர் எங்கே பிடிப்பது என்று சொல்வதும் வீட்டில் விருந்தினருக்குச் செய்து பழகிய வேலைதான். அதற்குப் புதிதாகத் தைரியம் தேடிக்கொள்ள வேண்டியதில்லை.

பேசத் தோன்றாதவர்கள் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டாம். "எனக்குக் கொஞ்சம் நேரம் தனியா இருந்தாத்தான் சரியா இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க" என்ற ஒரே வாக்கியத்தை முதல் நாளிலேயே சொல்லிவிடுவது போதும். சொல்லாமல் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால், உங்கள் களைப்பு மற்றவருக்கு அவமதிப்பாகத் தெரியும். அதிகம் பேசிவிடுபவர்களுக்கு என்ன ஆயத்தம் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஊரில் அறைத்தோழிகளின் முதல் சந்திப்பு அவர்கள் இருவருக்குள் மட்டும் நடப்பதில்லை. அப்பாவும் அம்மாவும், சில வேளை சித்தியும் தம்பியும் கூடவே இருப்பார்கள். அந்த நேரத்தில் தாய்மார்கள் அன்பினாலும் கவலையினாலும் சொல்லும் ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்: "இவ யார்கிட்டயும் பேசவே மாட்டா, நீதாம்மா பார்த்துக்கணும்." அல்லது, "இவளுக்குக் கோபம் மட்டும் பொசுக்குன்னு வரும்." மகளை ஒப்படைக்கும் பரிவில் சொல்லப்படும் இந்தச் சொற்கள், அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் நெற்றியில் ஒட்டப்படும் சீட்டாகிவிடுகின்றன.

ஒரு சொல் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதை சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946இலேயே சோதித்தார். அறிவுள்ளவர், திறமையானவர், உழைப்பாளி, கனிவானவர், மனவுறுதி உள்ளவர், நடைமுறை அறிந்தவர், எச்சரிக்கையானவர் என்று ஏழு குணங்களை ஒரு குழுவினருக்குப் படித்துக்காட்டி, அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். இன்னொரு குழுவினருக்கு அதே பட்டியல்தான். 'கனிவானவர்' இருந்த இடத்தில் மட்டும் 'பரிவற்றவர்' என்ற பொருள்படும் சொல் இருந்தது. அந்த ஒரு சொல் மாறியதால் மனிதரே மாறிப்போனார்: முதல் குழுவினர் அவரைத் தாராள மனம் உள்ளவர், நகைச்சுவை உணர்வு உள்ளவர் என்றெல்லாம் கருதினார்கள், மற்ற குழுவினரில் மிகச் சிலரே அப்படிக் கருதினார்கள். நல்ல குணத்தை முதலில் சொல்லிக் குறையைப் பின்னால் சொன்னால் ஒரு விதமாகவும், குறையை முதலில் சொன்னால் வேறு விதமாகவும் மதிப்பீடு அமைவதையும் அவர் கண்டார்.

ஆகவே மகளை அறிமுகம் செய்யும்போது குணத்தைச் சொல்லாமல், அவள் செய்வதைச் சொல்லுங்கள். "கோலம் நல்லா போடுவா", "காலையில அஞ்சு மணிக்கே எந்திரிச்சுப் படிப்பா", "ஸ்கூல்ல கோகோ ஆடிக்கிட்டிருந்தா." இவற்றில் எதைக் கொண்டும் மற்ற பெண் ஒரு பேச்சைத் தொடங்க முடியும், 'பேச மாட்டா' என்பதைக் கொண்டு எதையும் தொடங்க முடியாது. இன்னொன்று: மாலை நான்கு மணிக்கு மேல் அறையில் உட்கார்ந்திருக்காதீர்கள். பெற்றோர் அருகில் இருக்கும்வரை மூன்று பெண்களும் மகள்களாகத்தான் இருப்பார்கள்; நீங்கள் கிளம்பிய பிறகே அவர்களுக்குள் சந்திப்பு உண்மையில் ஆரம்பமாகிறது.

அறைக்குள் முதல் பத்து நிமிடம்

முகத்தைப் பார்த்ததும் தோன்றும் எண்ணத்தைத் தடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடொரோவ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத்தகுந்தவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். அந்தக் கணத்தில் கிடைத்த விடைகள், வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தவர்களின் விடைகளோடு பெரிதும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது மாறியது தீர்ப்பைவிட, தீர்ப்பின் மீது இருந்த உறுதிதான். அந்தத் தீர்ப்புகள் சரியானவையா என்பது அந்த ஆய்வின் கேள்வியே அன்று. முகம் பார்த்தவுடன் ஓர் எண்ணம் தோன்றும். பார்க்கப் பார்க்க அது இறுகும். தோன்றுவதைத் தடுக்க முடியாவிட்டாலும் இறுகுவதைத் தடுக்கலாம்.

அதற்கு முதல் வழி, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்காமல் சேர்ந்து ஏதாவது ஒரு வேலையில் இறங்குவது. கட்டிலை நகர்த்துவது, மெத்தையை விரிப்பது, கொடிக்கயிறு கட்டுவது. எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்போது திணறுகிற பெண், கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகப் பேசிவிடுகிறாள். பார்வை கயிற்றின் மீது இருப்பதால் நாக்குக்கு விடுதலை கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

பெயரைச் சொல்லுங்கள், அவர் பெயரைக் கேட்டதும் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். 'நீங்கள்' என்றே தொடங்குங்கள். 'நீ' என்பதற்கு இறங்க இரண்டு நாள் பொறுத்தால் எந்த நட்டமும் இல்லை; முதல் பேச்சிலேயே 'வாடி, போடி' என்று ஆரம்பித்துவிட்டால், கலகலப்பான பெண்ணுக்கு அது நெருக்கமாகவும், ஒதுங்கி வளர்ந்த பெண்ணுக்கு அது அத்துமீறலாகவும் படும். சில மாதம் மூத்தவர் என்று தெரிந்தால் 'அக்கா' என்று அழைப்பதும் பலருக்கு இயல்பாக வரும்; எனினும் ஒரே வகுப்பில் படிக்கப் போகிறவர்களாக இருந்தால் பெயர் சொல்லி அழைக்கலாமா என்று கேட்டுவிடுவது நல்லது.

கட்டில் பங்கீட்டில் சுபாவம் அப்படியே வெளிப்படும். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் கட்டில், ஜன்னலோரக் கட்டில், கதவுக்கு அருகில் எல்லோரும் உரசிக்கொண்டு போகும் கட்டில் என்று மூன்று இருந்தால், விட்டுக்கொடுக்கும் இயல்புள்ள பெண் கேட்பதற்கு முன்பே கதவோரக் கட்டிலில் பையை வைத்துவிடுவாள். அதற்கு அடுத்த மாதமே அவள் மனத்துக்குள் புழுங்க ஆரம்பிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே முதலில் வந்தவர் நல்ல கட்டிலைப் பிடித்துக்கொள்வதைவிட, மூவரும் வந்த பிறகு சீட்டுக் குலுக்கிப் போடுவது மேல். பருவத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம் என்றும் அப்போதே பேசிவிடுங்கள். சார்ஜர் செருகும் இடம் ஒன்றே ஒன்று இருக்கும் அறைகளில் இதே முறையில் அதற்கும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மௌனத்தைப் படிக்கும் விதம்

இந்தப் பகுதியில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன். ஏனென்றால் விடுதியில் நான் தீர்த்துவைக்க வேண்டியிருந்த சச்சரவுகளில் பலவற்றின் வேர், பேசிய பேச்சைவிடப் பேசாத பேச்சில்தான் இருந்தது.

அறைத்தோழி பேசவில்லை என்றால், அது அவள் சுபாவம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு வந்த பெண், மற்ற இருவரும் ஆங்கிலம் கலந்து வேகமாகப் பேசிக்கொள்ளும் அறையில் வாயை மூடிக்கொண்டிருப்பாள். அதே பெண் தன் ஊர்த்தோழியோடு தொலைபேசியில் பேசும்போது வராந்தாவே அதிரும். எங்கள் விடுதியில் மூன்று வாரம் 'ஊமை' என்று பெயர் வாங்கிய ஒரு மாணவி, விடுதி நாளன்று மேடையேறி ஒப்பாரிப் பாடல் பாடியபோது அறைத்தோழிகள் திகைத்து நின்றார்கள். அவளிடம் மாறியது எதுவும் இல்லை. அவளுக்குத் தெரிந்த மொழியில், அவளுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்ய இடம் கிடைத்தது. அறையில் ஒருவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்று தெரிந்தால் தமிழிலேயே பேசுங்கள். இது தயவு அன்று, குறைந்தபட்ச மரியாதை.

வட்டார வழக்கும் சுபாவமாகத் தவறாகப் படிக்கப்படுகிறது. கொங்குப் பகுதியிலிருந்து வந்த பெண் எல்லோரிடமும் "ஏனுங்க", "சொல்லுங்க" என்று 'ங்க' போட்டே பேசும்போது, அவள் விலகி நிற்கிறாள் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் பாசத்தோடு "ஏட்டி" என்று கூப்பிடும்போது, சென்னைப் பெண் தன்னை மட்டம் தட்டுவதாக எடுத்துக்கொள்கிறாள். நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசாததும் அப்படியே: பெரியவர் முன் தலை தாழ்த்திப் பேசுவதே பண்பு என்று சொல்லி வளர்க்கப்பட்ட வீடுகள் நம்மிடையே ஏராளம். அந்தப் பழக்கத்தைக் கள்ளத்தனம் என்றோ தன்னம்பிக்கைக் குறைவு என்றோ கருதுவது பெரிய அநியாயம்.

ஒருவரின் நடத்தைக்குக் காரணத்தை அவர் குணத்தில் தேடுவதா, சூழ்நிலையில் தேடுவதா என்பது வளர்ப்பைப் பொறுத்து மாறக்கூடியது. ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அமெரிக்கர்களையும் மைசூரில் வாழ்ந்த இந்தியர்களையும் ஒப்பிட்டார். தமக்குத் தெரிந்தவர்கள் செய்த நல்லது கெட்டதுகளுக்குக் காரணம் சொல்லச் சொன்னபோது, வயது வந்த அமெரிக்கர்கள் குணத்தையே மிகுதியாகச் சுட்டினார்கள். மைசூர்க்காரர்கள் அந்த மனிதரின் நிலைமை, கடமை, உறவு என்று சூழலை மிகுதியாகச் சுட்டினார்கள். சிறு குழந்தைகளிடம் இந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை. வளர வளரத்தான் கூடியது. "பாவம், அவளுக்கு என்ன சூழ்நிலையோ" என்று சொல்லும் வழக்கம் நம் பாட்டிமாரிடம் தாராளமாக இருந்தது. அதை விடுதி அறைக்கும் கொண்டுவாருங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். அறைத்தோழியின் முகம் இறுகியிருந்தால், குணத்தை நினைப்பதற்கு முன் மூன்று காரணங்களை எண்ணிப் பாருங்கள்: இரவு முழுவதும் பேருந்தில் நின்றுகொண்டு வந்திருக்கலாம்; கட்டணத்துக்காக வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கலாம்; விரும்பிய பாடப்பிரிவு கிடைக்காமல் போயிருக்கலாம்.

இன்னும் ஒரு காரணமும் உண்டு. அது நீங்களாகவே இருக்கலாம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் ஸ்னைடரும் அவருடைய சகாக்களும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் மாணவர்களை முன்பின் தெரியாத பெண்களோடு தொலைபேசியில் பேச வைத்தார்கள். பேசப் போகும் பெண்ணின் படம் என்று சொல்லி, சிலருக்கு அழகான முகத்தையும் சிலருக்கு அழகு குறைந்த முகத்தையும் காட்டினார்கள். உண்மையில் அந்தப் படங்களுக்கும் பேசிய பெண்களுக்கும் தொடர்பு இல்லை. பிறகு பெண்கள் பேசியதை மட்டும் தனியாகப் பிரித்து, எதுவும் அறியாத வேறு சிலரைக் கேட்க வைத்தபோது, அழகானவர் என்று எண்ணிப் பேசப்பட்ட பெண்களின் குரலில் கூடுதல் இணக்கமும் கலகலப்பும் இருந்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆண்களின் எதிர்பார்ப்பு அவர்களுடைய பேச்சின் தொனியில் கலந்து, அந்தத் தொனி பெண்களின் பதிலை உருவாக்கியிருக்கிறது. 'இவள் தலைக்கனம் பிடித்தவள்' என்ற எண்ணத்தோடு நீங்கள் வெடுக்கென்று பேசினால், அவள் சுருக்கமாகப் பதில் சொல்வாள். அந்தச் சுருக்கமே உங்களுக்குச் சான்றாகிவிடும்.

கேட்கக்கூடியதும் கேட்கக்கூடாததும்

"சாப்பிட்டீங்களா?" என்பது மிக நல்ல தொடக்கம். கூச்சம் உள்ளவரும் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியும். பேச விரும்புகிறவர் மெஸ் சாம்பாரிலிருந்து வீட்டு ரசம் வரைக்கும் நீட்டிக்கொண்டு போகலாம். யார் எவ்வளவு பேசுவது என்பதை அவரவர் சுபாவத்துக்கே விட்டுவிடும் கேள்விகள்தான் முதல் நாளுக்கு உகந்தவை. "எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?", "விளக்கு எரிஞ்சா தூக்கம் வருமா?", "அலாரம் வைக்கலாமா?" ஆகியவை கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றினாலும், ஒழுங்கை விரும்புகிறவருக்கும் போகிற போக்கில் வாழ்கிறவருக்கும் இடையே பின்னால் வரக்கூடிய சண்டைகளில் பாதியைத் தவிர்த்துவிடும்.

"எந்த ஊர்?" என்ற கேள்வியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது நம்மிடையே மிக இயல்பான கேள்வி. ஊர்ப்பெயரைக் கேட்டதும் அந்த ஊர்த் தேர், அந்த ஊர் அல்வா, அங்கே இருக்கும் அத்தை வீடு என்று பேச்சு மலரும். ஆனால் அதே கேள்வி, ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று படிப்படியாக இறங்கி, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற இடத்தில் போய் நிற்பதையும் நான் கேட்டிருக்கிறேன். பெற்றோர் முன்னிலையிலேயே அது நடந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஆளான ஒரு பெண் அன்றிலிருந்து அறையில் ஒதுங்கியே இருந்தாள். அவளை எல்லோரும் 'யாரோடும் ஒட்டாத சுபாவம்' என்றார்கள். அந்தச் சுபாவத்தை அவளுக்குக் கொடுத்தது அந்தக் கேள்வி. சாதியை அறிந்துகொள்ளும் நோக்கத்தில் எந்தக் கேள்வியையும், எவ்வளவு சுற்றி வளைத்தும், கேட்காதீர்கள். உங்களிடம் யாராவது கேட்டால், "நான் அதைப் பத்திப் பேசறதில்ல" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடலாம். விளக்கம் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தொடர்ந்து தொல்லை கொடுத்தால் காப்பாளரிடம் சொல்லுங்கள்.

அப்பாவின் வருமானம், நீட் மதிப்பெண், நிறம், உடல் எடை ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். "அப்பா என்ன பண்றார்?" என்பதுகூட, அப்பா இல்லாத பெண்ணை முதல் நாளிலேயே நிலைகுலைய வைத்துவிடும். "வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டால், சொல்ல விரும்புவதை மட்டும் அவர் சொல்லிக்கொள்வார்.

அதிகம் பேசுகிறவர்களுக்கு

கலகலப்பான பெண் இல்லாத அறை முதல் வாரத்தில் மயானம்போல இருக்கும். ஆகவே உங்கள் இயல்பை அடக்கிக்கொள்ளச் சொல்லப் போவதில்லை. இரண்டே பழக்கங்களைக் கேட்கிறேன். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அமைதியான பெண் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில்தான் நீங்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறீர்கள், அவளும் வாயை மூடிக்கொள்கிறாள். அடுத்து, முதல் நாளில் உங்கள் குடும்ப இரகசியங்களைக் கொட்டாதீர்கள். நீங்கள் ஐந்து இரகசியம் சொன்னால், மற்றவரும் பதிலுக்கு ஒன்றாவது சொல்ல வேண்டும் என்ற நெருக்கடிக்கு ஆளாகிறார். எதையும் மனத்துக்குள்ளேயே அடைத்து வைத்து வளர்ந்தவருக்கு அது மூச்சுமுட்டும்.

பேச்சை முடிப்பதும் ஒரு வேலைதான். ஆடம் மாஸ்ட்ரோயானியும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் மிகச் சொற்பம். எப்போது முடிக்க விரும்புகிறார் என்பதை ஒருவர் மற்றவருக்கு மறைத்துக்கொண்டே பேசுகிறார். "சரி, நான் துணி மடிச்சு வைக்கிறேன், நைட்டு சாப்பிடச் சேர்ந்து போகலாமா?" என்று கேட்டு எழுந்துவிடுங்கள். அடுத்த சந்திப்பைச் சொல்லிவிட்டு எழுந்தால், எழுந்தது யாரையும் புண்படுத்தாது.

அன்றிரவும் அடுத்த மூன்று வாரமும்

விளக்கை அணைத்ததும் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குள் ஒரு விசாரணை தொடங்கும். ஏன் அப்படிச் சிரித்தேன், ஏன் அந்தச் சொல்லைத் தப்பாக உச்சரித்தேன், அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள். எரிக்கா பூத்பியும் அவருடைய சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வை இந்தப் பெண்களுக்கு நான் தவறாமல் எடுத்துச் சொல்வதுண்டு. முன்பின் தெரியாதவர்களைப் பேச வைத்து, "அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும்" என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். தம்மை மற்றவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்பதை மக்கள் சராசரியாகக் குறைத்தே மதிப்பிட்டார்கள். கல்லூரி விடுதியில் சேர்ந்து தங்கிய முதலாமாண்டு மாணவர்களிடமும் இதே இடைவெளி பல மாதங்கள் நீடித்தது. ஆகவே முதல் இரவில் உங்கள் மனம் எழுதும் தீர்ப்பை மேல்முறையீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.

மறுநாள் காலையில் செய்ய வேண்டியது மிகச் சிறியது: மெஸ்ஸுக்குக் கிளம்பும்போது அழைப்பது. மறுத்தால் மூன்றாம் நாள் மறுபடி ஒரு முறை அழையுங்கள். மெல்லத் திறக்கும் சுபாவம் உள்ளவர்கள் முதல் அழைப்பை மரியாதைக்காக மறுத்துவிட்டு, இரண்டாவது அழைப்புக்காகக் காத்திருப்பார்கள்.

சுபாவ வேறுபாடு வேறு, துன்புறுத்தல் வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உங்களை அச்சுறுத்துவது, இழிவுபடுத்துவது, பொருளைப் பறிப்பது, விருப்பமில்லாததைச் செய்யச் சொல்வது ஆகியவற்றுக்குப் பொறுமை காட்ட வேண்டியதில்லை. மூன்று வாரம் அல்ல, மூன்று மணி நேரம்கூடக் காத்திருக்காமல் புகார் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி ராகிங் குற்றம். பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522.

அப்படி எதுவும் இல்லாமல், "ஒத்துப்போகவில்லை" என்ற காரணத்துக்காக மட்டும் அறை மாற்றம் கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுப்பேன். அறைத்தோழி எப்படிப்பட்டவர் என்று எழுதக் கூடாது. 'திமிர்', 'சிடுசிடுப்பு', 'சுயநலம்' போன்ற சொற்கள் கூடாது. அவர் செய்தவற்றை மட்டும், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று குறித்து மூன்று வரி எழுத வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மேல் விளக்கை எரியவிட்டு மூன்று நாள் படித்தார் என்று எழுதினால், அது மேசை விளக்கு ஒன்றை வாங்கினால் தீர்ந்துவிடும் விஷயமாகத் தெரியும். அறையை மாற்ற வேண்டியதில்லை. கேட்காமல் என் பெட்டியைத் திறந்தார் என்று எழுதினால், அதை நான் விசாரிப்பேன். முதல் வரியிலேயே பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "அடுத்த வாரம் வர்றேன் மேம்" என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. இந்தப் பயிற்சிக்குக் காப்பாளர் தேவையில்லை. மனம் கசக்கும் நாளில் உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்களே அந்த மூன்று வரியை எழுதிப் பாருங்கள்.